அம்பழக்காட்டில் துயிலும் தமிழ் முனிவர்

மார்கழி பிறந்துவிட்டால் நம் முதலமடையின் முகமே மாறிவிடுகிறது. நெல்லியாம்பதி மலைத்தொடர் வைகறையில் பனிப்போர்வை போர்த்து நிற்கிறது. மாந்தோப்புகளில் பூங்கொத்துகள் தலை நீட்டுகின்றன. ஒருபுறம் கோயில்களில் திருப்பாவையும் திருவெம்பாவையும் ஒலிக்க, மறுபுறம் கிறித்தவ அன்பர்களின் இல்ல வாயில்களில் காகித விண்மீன்கள் ஒளி வீசுகின்றன. சமயத்தால் நாம் பலராயினும், பனிக்காலத்து இருளில் விளக்கேற்றி நன்மையை எதிர்நோக்கும் உள்ளத்தால் ஒருவரே ஆவோம்.

நம் காலனியில் அண்டை வீடுகளாக வாழும் கத்தோலிக்கக் குடும்பங்களுள்ளும் இருவகை வழக்கங்கள் உண்டு என்பதை அன்பர்கள் கவனித்திருக்கலாம். தமிழ்க் குடும்பங்கள் பெரும்பாலும் இலத்தீன் முறையைச் சார்ந்தவை. அவர்கள் கிறிஸ்து பிறப்புக்கு முன்வரும் நான்கு ஞாயிற்றுக்கிழமைகளைத் திருவருகைக் காலமாகக் கொண்டாடுவர். அக்காலத்தில் குருக்கள் ஊதா நிற உடை அணிவர். மூன்றாம் ஞாயிறன்று மட்டும் ரோசா நிறம் அணிவதும் உண்டு. உன்னதங்களிலே என்னும் கீதம் அந்த ஞாயிறுகளில் பாடப்படுவதில்லை. பாலன் பிறந்த இரவுக்காக அது காத்திருக்கிறது. மலையாளக் குடும்பங்களுள் பல சுரியானி முறையைச் சார்ந்தவை. அவர்கள் டிசம்பர் முதல் நாள் தொடங்கி இருபத்தைந்து நோன்பு நோற்பர். மீனும் இறைச்சியும் விலக்குவர். அக்காலத்தை மங்களவார்த்தைக் காலம் என்று அழகாக வழங்குவர். பெருநாள் இரவில் அவர்களுடைய கோயில் முற்றத்தில் தீ மூட்டி, அதனைச் சுற்றி வந்து சாம்பிராணி இடுவதும் உண்டு. தமிழ்க் குடும்பத்தினர் குடில் கட்டி, வைக்கோல் பரப்பி, நடுச்சாமப் பூசை முடிந்ததும் சேசு பாலன் சொரூபத்தை அதில் கிடத்துவர். வழி இரண்டு; சென்று சேரும் தொழுவம் ஒன்று.

இந்தத் தொழுவத்தின் கதையைத் தமிழில் பெருங்காப்பியமாகப் பாடிய புலவர் ஒருவர் உண்டு. அவர் தமிழகத்தில் பிறந்தவர் அல்லர். தமிழகத்தில் இறந்தவரும் அல்லர். பிறந்தது இத்தாலி நாட்டில். கண் மூடியது நாம் பிழைக்க வந்திருக்கும் இந்தக் கேரள மண்ணில். இடைப்பட்ட ஆண்டுகளில் அவர் தமிழராகவே வாழ்ந்தார். அவரே வீரமாமுனிவர். பள்ளி இறுதி வகுப்போடு படிப்பை நிறுத்தி, ரயில்வே எழுத்தராகக் காலம் கழிக்கும் எனக்கு அப்பெரியாரின் புலமையை அளந்து கூறும் தகுதி இல்லை. ஆயினும், ஊர் விட்டு ஊர் வந்து வாழும் ஒருவன், நாடு விட்டு நாடு வந்து வாழ்ந்த ஒருவரின் வாழ்வை எண்ணிப் பார்ப்பதற்குப் புலமை வேண்டுவதில்லை அல்லவா?

பிறப்பும் பயணமும்

இத்தாலியின் வடபகுதியில் காஸ்திக்கிளியோனே என்னும் சிற்றூர் உள்ளது. இளைஞர்களின் பாதுகாவலராகக் கத்தோலிக்கர் போற்றும் புனித ஞானப்பிரகாசியார் 1568-ஆம் ஆண்டில் பிறந்ததும் அவ்வூரிலேதான். அங்கே 1680-ஆம் ஆண்டு நவம்பர் 8-ஆம் நாள் ஒரு குழந்தை பிறந்தது. கொன்ஸ்தான்சோ யோசேப்பு பெஸ்கி என்பது அதன் பெயர். யோசேப்பு என்பதைத்தான் தமிழ்க் கத்தோலிக்கர் சூசை என்று வழங்குகின்றனர். தம் பெயருக்குரிய புனிதரையே இவர் பிற்காலத்தில் காப்பியத் தலைவராக்கிப் பாடினார் என்பது நினைவிற் கொள்ளத்தக்கது.

பெஸ்கி 1698-இல் இயேசு சபையில் சேர்ந்தார்; 1709-இல் குருப்பட்டம் பெற்றார்; மறு ஆண்டே லிஸ்பன் துறைமுகம் வழியாகக் கப்பலேறிக் கோவா வந்து சேர்ந்தார். அந்நாளில் அப்பயணம் பல மாதங்கள் நீடிப்பது. ஆப்பிரிக்காவின் தென்முனையைச் சுற்றி வர வேண்டும். கடற்கொந்தளிப்பும் நோயும் வழித்துணை. அங்ஙனம் புறப்பட்டவர்களுள் தாய்நாடு திரும்பியோர் சிலரே. பெஸ்கியும் திரும்பவில்லை. நமக்கோ மாற்றல் உத்தரவு வந்தால் ஓர் இரவு வண்டிப் பயணமே பெரிதாகத் தோன்றுகிறது. பொங்கலுக்கு ஊர் போக விடுப்புக் கிடைக்காவிட்டால் மனம் வாடுகிறது. முப்பது வயதில் அன்னை முகத்தையும் ஊர்க்கோயில் மணியோசையையும் நிலையாகத் துறந்து வந்த அம்மனிதரின் உள்ளத்தை எண்ணிப் பாருங்கள்.

அவர் 1711-இல் மதுரை மிஷனுக்கு வந்தார். அங்கே அவருக்கு முன்பே பாதை வகுத்தவர்கள் இருந்தனர். 1606-இல் மதுரைக்கு வந்த தத்துவ போதகர், ஐரோப்பிய நடையுடையை விட்டுத் துறவியர் கோலம் பூண்டு தமிழ் கற்றவர். அருளானந்தர் 1693 பிப்ரவரி 4-ஆம் நாள் ஓரியூரில் உயிர் நீத்தவர். அவர்கள் வழியிலேயே பெஸ்கியும் காவியுடை தரித்தார். மரக்கறி உணவே கொண்டார். கொன்ஸ்தான்சோ என்பதன் பொருளைத் தழுவி முதலில் தைரியநாதர் என்று பெயர் பூண்டார். வீரமாமுனிவர் என்னும் பெயர் பின்னர் நிலைத்தது.

தமிழ் கற்ற திறம்

முப்பது வயதைக் கடந்து ஒரு புதிய மொழியின் முதலெழுத்தைக் கற்கத் தொடங்குவது எளிதன்று. நம்முள் பலர் பல்லாண்டுகளாக இங்கே வாழ்ந்தும், பேருந்தின் பெயர்ப்பலகையைப் பிறரைக் கேட்டே ஏறுகிறோம் அல்லவா? முனிவர் அவ்வாறு இருக்கவில்லை. சுப்பிரதீபக் கவிராயர் என்னும் புலவரிடம் அவர் தமிழ் பயின்றார் என்று வழிவழியாகக் கூறுவர். பேச்சுத் தமிழோடு நின்றுவிடாமல் தொல்காப்பியம், நன்னூல் முதலிய இலக்கணங்களையும், திருக்குறள், சிந்தாமணி, கம்பராமாயணம் முதலிய இலக்கியங்களையும் துருவிக் கற்றார். கற்றவர்க்கு முன் ஒரு மாணாக்கனாகவே அமர்ந்தார். மறையைக் கற்பிக்க வந்தவர் மொழியைக் கற்பதற்குப் பணிந்தார். இதுவே அவர் பெற்ற வெற்றிக்கெல்லாம் வித்து.

தொடக்கத்தில் காமநாயக்கன்பட்டி, கயத்தாறு முதலிய தென்பாண்டிப் பகுதிகளில் பணியாற்றினார். சிறைப்பட்டதும், உயிருக்கே இடர் நேர்ந்து மீண்டதும் அவ்வாண்டுகளில்தான். பின்னர்க் கொள்ளிடத்தின் வடகரையிலுள்ள ஏலாக்குறிச்சியை நிலைக்களமாகக் கொண்டார். இன்று அது அரியலூர் மாவட்டத்தில் உள்ளது. அவ்வூருக்கு அவர் இட்ட பெயர் திருக்காவலூர். அங்கே அடைக்கல மாதாவின் பெயரால் விளங்கும் கோயிலை அவர் புகழ்ந்து பாடிய கலம்பகம் திருக்காவலூர்க் கலம்பகம் எனப்படுகிறது. விருத்தாசலத்தை அடுத்த கோணான்குப்பத்தில் பெரியநாயகி மாதா கோயிலை எழுப்பினார். அங்குள்ள மாதா சொரூபம் தமிழ்ப் பெண்ணைப் போலச் சேலை உடுத்துக் கையில் பாலனை ஏந்தி நிற்கிறது. நம் ஊர்த் தாய்மார் அச்சொரூபத்தின் முன் சென்றால், அயல்நாட்டு அரசியைக் கண்டு ஒதுங்கி நிற்பதைப்போல் நில்லார். பக்கத்து வீட்டுப் பெண்ணைக் கண்டவர்போல் நெருங்கி நிற்பர்.

அக்காலத்துப் பங்கு வாழ்வு

இன்றுள்ளதுபோல் ஊர்தோறும் ஒரு பங்குச் சாமியார் இருந்த காலமன்று அது. ஒரு குருவின் பொறுப்பில் பரந்த நிலப்பகுதியும் எண்ணற்ற சிற்றூர்களும் இருந்தன. பாளையக்காரர் போர்களும் பஞ்சமும் வழிகளை அடைத்தன. ஒரு சிற்றூரார் குருவின் முகத்தை ஆண்டில் சில நாட்களே காண்பர். மற்ற நாட்களில் செபம் சொல்லவும், குழந்தைகளுக்கு ஞானோபதேசம் கற்பிக்கவும், நோயுற்றோரைத் தேற்றவும், இறந்தோரை அடக்கவும் உபதேசியாரே துணை. அவரை வேதியர் என்றும் வழங்கினர். அவ்வேதியர்கள் எங்ஙனம் ஒழுக வேண்டும் என்பதை விளக்கி முனிவர் 1727-இல் வேதியர் ஒழுக்கம் என்னும் உரைநடை நூலை எழுதினார். உரைநடை அருகியிருந்த அந்நாளில், ஊர் ஊராக நடக்கும் எளிய ஊழியருக்கென்று தெளிந்த தமிழில் ஒரு நூல் செய்தமை அவருடைய நெஞ்சத்தைக் காட்டுகிறது.

பாலன் பிறப்புத் திருநாளும் உயிர்ப்புத் திருநாளும் வந்தால் தொலைவிலுள்ள குடும்பங்கள் கட்டுச்சோறு கட்டிக்கொண்டு குரு தங்கியிருக்கும் கோயிலுக்கு வந்து திரள்வது அந்நாளைய வழக்கம். அங்கே நடைபெறும் பூசை இலத்தீன் மொழியில் இருக்கும். அது திருச்சபை எங்கும் இருந்த முறை. பீடத்தில் ஒலிக்கும் சொற்கள் உழவனுக்கும் நெசவாளனுக்கும் விளங்கா. அவன் நெஞ்சிற்குப் புரியும் மொழியில் பாலனின் பிறப்பைச் சொல்வது எங்ஙனம்? குடில் கட்டும் வழக்கம் 1223-ஆம் ஆண்டில் இத்தாலியின் கிரேச்சோ என்னும் ஊரில் அசிசி நகர்ப் புனித பிரான்சிஸ்கு அமைத்த காட்சியிலிருந்து பரவியது என்பர். எழுதப் படிக்க அறியாதவரும் தொழுவத்தைக் கண்ணால் கண்டு உணரட்டும் என்பதே அவர் கருத்து. வைக்கோலாலும் கோலாலும் அவர் செய்ததை, அதே நாட்டில் பிறந்த வீரமாமுனிவர் தமிழ் விருத்தங்களால் செய்தார். அக்குடிலின் பெயரே தேம்பாவணி.

தேம்பாவணி

தேம்பாவணி 1726-ஆம் ஆண்டில் நிறைவுற்றது. 3 காண்டங்களும், 36 படலங்களும், 3615 பாடல்களும் கொண்ட பெருநூல் அது. வாடாத மாலை என்றும், தேன் போன்ற பாக்களால் ஆகிய அணி என்றும் அப்பெயருக்கு இருவகையாகப் பொருள் கூறுவர். சூசையப்பருக்கு வளன் என்று தூய தமிழ்ப்பெயர் சூட்டினார் முனிவர். நம் காப்பிய மரபுப்படியே நாட்டுப் படலம், நகரப் படலம் என்று தொடங்குகிறது நூல். கதை நிகழ்வது யூதேயாவில். ஆனால் அங்கே மழை பொழிவதும், ஆறு பெருகுவதும், வயல் விளைவதும் நம் மருத நிலத்தில் நிகழ்வன போலவே அமைந்துள்ளன. பெத்லகேமைத் தமிழர் பார்க்கச் செல்ல வேண்டியதில்லை. அதுவே தமிழரைத் தேடி வந்துவிட்டது.

திருவருகைக் காலத்தின் நான்கு வாரங்களையும் இக்காப்பியத்தோடு சேர்த்து எண்ணினால் ஒரு நயம் தோன்றும். மரியன்னை கருவுற்றிருப்பதைக் கண்டு, காரணம் அறியாத வளனின் உள்ளம் கலங்குகிறது. அன்னையைப் பழிக்கவும் மனமில்லை; நிகழ்ந்ததை உணரவும் வழியில்லை. அதனை முனிவர் ஐயந்தோற்று படலம் என்று தனியே பாடினார். வானவர் உண்மையை உணர்த்தியபின் கலக்கம் தீர்வதை ஐயநீங்கு படலமாகப் பாடினார். கிறிஸ்து பிறப்புக்கு முந்திய ஞாயிறன்று, மூன்று ஆண்டுகளுக்கு ஒரு முறை கோயில்களில் இப்பகுதியே நற்செய்தியாக வாசிக்கப்படுகிறது. காத்திருத்தல் என்பது இனிமை மட்டும் உடையதன்று. ஐயமும் துன்பமும் கலந்தது. நல்லவனுக்கும் அந்த இரவு உண்டு. இதனை ஒரு தச்சனின் நெஞ்சில் வைத்துக் காட்டியமையாலேயே இக்காப்பியம் உயிர்பெற்றது.

பின்னர் வருவது பயணம். அரசன் ஆணைப்படி குடிக்கணக்கில் பெயர் பதிய நாசரேத்திலிருந்து பெத்லகேம் செல்ல வேண்டியிருந்தது. நிறைசூலியான மனைவியோடு சென்று சேர்ந்தவருக்குத் தங்க இடமில்லை. அரசாங்க ஆணையால் குடும்பத்தை அழைத்துக்கொண்டு முன்பின் அறியாத ஊரில் இரவில் இறங்கி, வீடு தேடி அலைந்த அனுபவம் நம் காலனியில் பலருக்கு உண்டு. ஆகவே அக்காட்சியை நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. மகவருள் படலத்தில் பாலன் பிறக்கிறார். செல்வர் மனையில் அன்று. விலங்குகள் ஒதுங்கும் குகையில்.

நோன்பும் பூசையும் பலகாரமும் முடிந்தபின் நாம் பெரும்பாலும் கதையை அங்கேயே நிறுத்திவிடுகிறோம். முனிவர் நிறுத்தவில்லை. ஏரோது மன்னன் குழந்தைகளைக் கொல்ல முனைந்தபோது திருக்குடும்பம் இரவோடிரவாக எகிப்து நாட்டுக்கு ஓடியதையும், வழியில் பட்ட இன்னல்களையும், அயல்நாட்டில் தங்கியிருந்த காலத்தையும் விரிவாகப் பாடுகிறார். வழிநெடுகப் பழைய ஏற்பாட்டுக் கதைகள் சொல்லப்படுகின்றன. முன்னோர் வரலாற்றைப் பேசிக்கொண்டே அந்நிய நாட்டுக்குள் நடக்கிறது அக்குடும்பம். கொல்லப்பட்ட மாசில்லாக் குழந்தைகளின் நினைவு நாள் டிசம்பர் 28; பெருநாள் முடிந்து மூன்றே நாட்கள்.

இங்கேதான் இக்காப்பியம் நம்மைப்போன்ற குடிபெயர்ந்தோருக்கு உரியதாகிறது. வில்லேந்திய மன்னனை அவர் தலைவனாக்கவில்லை. உளியும் வாய்ச்சியும் ஏந்தி, வேற்று நாட்டில் வேலை தேடி, மனைவியையும் மகவையும் காப்பாற்றிய ஒரு தொழிலாளியையே தலைவனாக்கினார். அவனுக்குப் பேரரசனுக்குரிய நாட்டு வருணனையும் நகர வருணனையும் கொடுத்தார். நூலின் இறுதியில் விண்ணுலகில் முடியும் சூட்டினார். தாய்நாட்டைத் துறந்து வந்த முனிவர், எகிப்தில் வாழ்ந்த வளனைப் பாடும்போது தம்மையும் ஒருகணம் எண்ணியிருக்க மாட்டாரா? அவர் அதனை எங்கும் சொல்லவில்லை, நாம்தான் எண்ணிக்கொள்கிறோம்.

மொழிக்குச் செய்த தொண்டு

காப்பியம் ஒன்றோடு அவர் ஓயவில்லை. எழுத்து, சொல், பொருள், யாப்பு, அணி என்னும் ஐந்திலக்கணமும் கூறும் தொன்னூல் விளக்கத்தை 1730-ஆம் ஆண்டளவில் செய்தார். திருக்குறளின் அறத்துப்பாலையும் பொருட்பாலையும் இலத்தீனில் மொழிபெயர்த்தார். பேச்சுத் தமிழுக்கும் செந்தமிழுக்கும் தனித்தனியே இலத்தீனில் இலக்கணம் எழுதினார். 1732-இல் சதுரகராதியை இயற்றினார். அதற்குமுன் சொற்பொருள் அறிய வேண்டுவோர் நிகண்டுச் செய்யுட்களை மனப்பாடம் செய்ய வேண்டியிருந்தது. முனிவர் சொற்களை அகர வரிசையில் அடுக்கி, பெயர், பொருள், தொகை, தொடை என நான்கு பகுதிகளாக்கினார். சரக்கு அலுவலகத்தில் பதிவேடு வைத்திருப்போருக்கு வரிசைப்படுத்தலின் அருமை நன்கு தெரியும். வரிசையில்லாத பெருஞ்செல்வம் இருந்தும் இல்லாததற்குச் சமமே.

நம் குழந்தைகள் இன்று எ, ஏ என்றும் ஒ, ஓ என்றும் வேறுபாடு கண்டு எழுதுகிறார்களே, அவ்வடிவ வேறுபாட்டை அமைத்தவரும் அவரே. முற்காலத்தில் குறிலுக்குப் புள்ளி இட்டு வேறுபடுத்துவது மரபு. ஓலையில் எழுதுவோர் பல வேளைகளில் புள்ளியை விட்டுவிடுவர், படிப்பவர் தடுமாறுவர். முனிவர் நெடிலின் வடிவத்தையே மாற்றியமைத்துக் குழப்பத்தை நீக்கினார். ஆகவே, தேம்பாவணியின் பெயரைக்கூட அறியாத தமிழ்க் குழந்தையும் ஏணி என்று எழுதும்போது அம்முனிவரின் கைவண்ணத்தை எழுதுகிறது. ஆற்றைக் கடக்க அஞ்சி, அது உறங்குகிறதா விழித்திருக்கிறதா என்று கொள்ளிக்கட்டையால் சோதித்த பரமார்த்த குருவின் கதையும் அவர் தந்ததே.

பெரியோரின் வாழ்வை எழுதுங்கால் குறையை மறைத்து எழுதுதல் முறையன்று. தரங்கம்பாடியில் 1706 முதல் பணியாற்றிய லுத்தரன் குருமாருக்கும் அவருக்கும் கடும் சொற்போர் நிகழ்ந்தது. அவர்களை மறுத்து வேதவிளக்கம் முதலிய நூல்களை எழுதினார். அவற்றில் அனல் பறக்கும். அக்காலத்துச் சமயப் பூசல்களின் இயல்பு அது என்றாலும், பெத்லகேம் குகையை அவ்வளவு மென்மையாகப் பாடியவர் பிறர்பால் இன்னும் மென்மை காட்டியிருக்கலாம் என்றே தோன்றுகிறது. ஆனால் காலம் செய்த வேடிக்கையைப் பாருங்கள்! அவருடைய கொடுந்தமிழ் இலக்கணத்தை 1738-இல் அச்சிட்டு வெளியிட்டது அதே தரங்கம்பாடி அச்சகமே. சமயத்தில் மாறுபட்டோர் தமிழில் ஒன்றுபட்டனர்.

இறுதி நாட்கள்

திருச்சிராப்பள்ளியை ஆண்ட சந்தா சாகிப்பு முனிவரிடம் பெருமதிப்புக் கொண்டிருந்தார். அவருக்குத் திவானாகவே இருந்தார் என்று பழைய வரலாறுகள் கூறும். ஆய்வாளர் சிலர் அதனை ஏற்பதில்லை. 1741-இல் மராட்டியர் திருச்சிராப்பள்ளியைக் கைப்பற்றிச் சந்தா சாகிப்பைச் சிறைப்பிடித்தனர். நாடு கலங்கியது. முனிவர் தெற்கே சென்று முத்துக்குளித்துறையின் மணப்பாட்டில் சில காலம் இருந்தார். பின்னர்க் கேரளத்து அம்பழக்காட்டுக்கு வந்தார்.

அம்பழக்காடு எங்கே உள்ளது? திருச்சூர் மாவட்டத்தில், சாலக்குடியிலிருந்து மாள செல்லும் வழியில் உள்ளது. தமிழ் முனிவர் அங்கே வந்தது ஏன் என்று ஐயுறலாம். மதுரை மிஷன் அந்நாளில் இயேசு சபையின் மலபார் மாநிலத்தைச் சார்ந்தது. 1663-இல் ஒல்லாந்தர் கொச்சியைக் கைப்பற்றிப் போர்த்துக்கீசியரை வெளியேற்றியபின், இயேசு சபையார் உள்நாட்டில் அம்பழக்காட்டில் புனித பவுலின் பெயரால் கல்விக்கூடம் அமைத்தனர். மலையாளத்தில் புத்தன் பானை பாடிய ஜெர்மானியரான அர்ணோசு பாதிரியாரும் அங்கே பயின்றவர்.

நம் தமிழுக்கும் அவ்வூருக்கும் அதற்கு முன்பே உறவு உண்டு. அந்தாம் தெ புரோயென்சா என்னும் குருவின் தமிழ்–போர்த்துக்கீசிய அகராதி 1679-ஆம் ஆண்டில் அம்பழக்காட்டில்தான் அச்சிடப்பட்டது. இந்திய மண்ணில் தமிழெழுத்தில் அச்சான நூல்களுள் நமக்குக் கிடைத்திருக்கும் பழமையானதாகிய தம்பிரான் வணக்கம் 1578-இல் அச்சானதும் கேரளத்துக் கொல்லத்திலேதான். எனவே, மலையாள நாடு தமிழுக்கு அந்நிய நாடன்று. நாம் இங்கே தமிழ் வளர்க்க முயல்வது புதிய முயற்சியும் அன்று; நானூறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட பழைய உறவைப் புதுப்பிப்பதே ஆகும்.

1747-ஆம் ஆண்டு பிப்ரவரி 4-ஆம் நாள் வீரமாமுனிவர் அம்பழக்காட்டில் இறைவனடி சேர்ந்தார். அருளானந்தர் ஓரியூரில் உயிர் நீத்த அதே நாள். அவருக்கு அப்போது அகவை 66. இத்தாலியில் கழித்த ஆண்டுகள் ஏறத்தாழ முப்பது. இந்நாட்டில் கழித்தவை அவற்றினும் மிகுதி. பிறந்த மண்ணும் அவருக்குக் கிடைக்கவில்லை. பாடிய மண்ணும் கிடைக்கவில்லை. இரண்டுக்கும் அயலான மூன்றாவது மண்ணில் துயில்கிறார். ஆனால் அவரை இத்தாலியப் புலவர் என்று எவரும் சொல்வதில்லை. தமிழ்ப் புலவர் என்றே உலகம் சொல்கிறது. ஒருவன் எந்த மண்ணில் பிறந்தான், எந்த மண்ணில் புதைக்கப்பட்டான் என்பவற்றைவிட, எந்த மொழிக்கு உழைத்தான் என்பதே அவனுக்கு ஊராகிறது.

அவருக்குப் பின்

ஓலையில் இருந்த தேம்பாவணி, பத்தொன்பதாம் நூற்றாண்டின் இடையில் புதுச்சேரியில் அச்சேறியது. 1963 டிசம்பர் 4-ஆம் நாள், திருவருகைக் காலத்தின் முதல் வாரத்தில், இரண்டாம் வத்திக்கான் பொதுச்சங்கம் வழிபாட்டில் மக்கள் மொழிக்கு இடந்தரும் ஏட்டினை வெளியிட்டது. அதன்பின் நடுச்சாமப் பூசை பீடத்திலேயே தமிழில் ஒலிக்கலாயிற்று. 1968-இல் சென்னையில் நடைபெற்ற இரண்டாம் உலகத் தமிழ் மாநாட்டையொட்டிக் கடற்கரையில் சிலை வைக்கப்பெற்ற தமிழ்ச் சான்றோருள் வீரமாமுனிவரும் ஒருவர்.

நம் எல்லைப் பகுதியின் செய்தியும் ஒன்று உண்டு. 1956 நவம்பர் 1-ஆம் நாள் மலபார் மாவட்டம் சென்னை மாநிலத்திலிருந்து பிரிந்து கேரளத்தோடு சேர்ந்தது. ஆட்சி எல்லை மாறினும், இப்பகுதியின் இலத்தீன் முறைப் பங்குகள் நெடுங்காலம் கோயம்புத்தூர் மறைமாவட்டத்தின் கீழேயே இருந்தன. 2013 டிசம்பர் 28-ஆம் நாள், மாசில்லாக் குழந்தைகளின் நினைவு நாளன்று, பாலக்காட்டைத் தலைமையிடமாகக் கொண்டு சுல்தான்பேட்டை மறைமாவட்டம் அமைந்தது. கோயம்புத்தூர், கோழிக்கோடு ஆகிய இரு மறைமாவட்டங்களிலிருந்து பிரித்து அமைக்கப்பட்டதால் தமிழும் மலையாளமும் ஒரே குடையின் கீழ் வந்தன.

நாம் செய்ய வேண்டுவது

அன்பர்களே! சங்கத்தின் ஆண்டு விழா மலரில் ஒரு குருவின் வரலாற்றை எழுதுவதற்குக் காரணம் சமயம் மட்டுமன்று. நம் காலனிக் குழந்தைகள் வீட்டில் தமிழ் பேசுகின்றனர். பள்ளியில் மலையாளமும் ஆங்கிலமும் பயில்கின்றனர். தமிழை எழுதவும் படிக்கவும் அறியாமலே வளரும் பிள்ளைகளின் தொகை ஆண்டுதோறும் பெருகுகிறது. பாட்டி எழுதும் கடிதத்தைப் பேரன் படிக்க இயலாத நிலை நம் வீடுகளுக்குள் வந்துகொண்டிருக்கிறது. கோயிலில் பாடற்புத்தகத்தைக் கையில் பிடித்துக்கொண்டு, எழுத்துத் தெரியாமல் வாயை மட்டும் அசைக்கும் பிள்ளைகளும் உண்டு. இது பிறர் நமக்கு இழைத்த தீங்கு அன்று. நாம் அயர்ந்திருப்பதால் விளைவது. நாள்தோறும் அரைமணி நேரம் தாயோ தந்தையோ உட்கார்ந்து கற்பித்தால் ஓராண்டில் எழுத்து வசமாகிவிடும். முப்பது வயதுக்கு மேல் ஓர் இத்தாலியர் கற்ற எழுத்து, ஆறு வயதுத் தமிழ்க் குழந்தைக்கு வாராது போகுமா?

மற்றொன்றும் சொல்ல வேண்டும். முனிவர் தாம் வந்த நாட்டின் மொழியைத் தாழ்வாக எண்ணவில்லை, தலைமேற்கொண்டு கற்றார். நாமும் நமக்குச் சோறிடும் இந்நாட்டின் மலையாளத்தை ஆர்வத்தோடு கற்க வேண்டும். தமிழைக் காப்பதற்கு மலையாளத்தை வெறுக்க வேண்டியதில்லை. இரு கண்ணும் பார்வை பெற்றிருப்பது ஒருவனுக்குக் குறையாகுமா?

பாலன் பிறப்பு விடுமுறையிலோ, பிப்ரவரி 4-ஆம் நாளையொட்டியோ, வாய்ப்புள்ள குடும்பங்கள் ஒருமுறை அம்பழக்காடு சென்று வரலாம். முதலமடையிலிருந்து பாலக்காடு சென்று, ஷொறணூர், திருச்சூர் வழியாகச் செல்லும் வண்டியில் சாலக்குடியில் இறங்கினால், அங்கிருந்து சாலை வழியே சென்றுவிடலாம். காலையில் புறப்பட்டால் இரவுக்குள் வீடு திரும்பலாம். குழந்தைகளை அவசியம் அழைத்துச் செல்லுங்கள். அங்கே நின்று, இந்த மண்ணில் துயிலும் ஒருவர்தாம் நமக்கு ஏகாரமும் ஓகாரமும் எழுதக் காட்டியவர் என்று அவர்களுக்குச் சொல்லுங்கள். அன்று மாலை வீடு திரும்பியதும் அவர்கள் கையில் ஒரு பலகையும் எழுதுகோலும் கொடுங்கள்.

வாழ்க வீரமாமுனிவர் புகழ்! வளர்க தமிழ்!